ஒரு பெயர், இரு ரூபாய்கள்

'நூறு ரூபாய்' என்னும் தொடர் இன்று இந்திய, இலங்கை நாணயத்தாள்களில் தமிழ் எழுத்தில் அச்சாகிறது. இந்தியத் தாளில் அது பல மொழிகளின் நிரலில் ஒரு வரி. இலங்கைத் தாளில் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் சேர்ந்து நிற்கும் வரி. எழுத்தும் ஒன்று, சொல்லும் ஒன்று, உச்சரிக்கும் நாவும் பெரும்பாலும் ஒன்று. ஆயினும் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்திய நூறு ரூபாய்க்கு ஈடாக இலங்கை ரூபாய் நானூற்று ஐம்பதுக்கு மேல் எண்ணித்தர வேண்டியிருந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கம் வரையிலோ நூற்றுக்கு நூறு என்பதே கணக்கு.

இந்தச் சமம் எவ்வாறு அமைந்தது, எவ்வாறு முறிந்தது என்பது பொருளியல் ஏடுகளில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் செய்தி. ஆனால் அது முறிந்த காலத்திலேயே, இரண்டு ரூபாய்களையும் தம் வாழ்வில் கண்ட ஒரு மக்கட் கூட்டம் கடல் கடக்குமாறு பணிக்கப்பட்டது. மலையகத் தமிழரின் வரலாற்றில் நாணயமாற்று வீதம் என்பது வங்கியின் அறிவிப்புப் பலகையில் தொங்கிய எண்ணாக மட்டும் இருக்கவில்லை.

வெள்ளியின் காலம்

ரூபாய் என்னும் சொல்லின் வேர் வெள்ளியைக் குறிக்கும் வடசொல். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை அமைத்தபோது அதன் எடை 180 கிரெயின். அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. இலங்கை அப்போது கம்பெனியின் ஆளுகைக்குள் இல்லை. அது பிரிட்டிஷ் அரசின் நேரடிக் குடியேற்ற நாடு. அங்கே டச்சுக்காரர் விட்டுச்சென்ற ரிக்ஸ்டாலரும், பணமும், ஆங்கிலேயரின் பவுன், ஷில்லிங், பென்சுகளும் ஒன்றோடொன்று கலந்து புழங்கின. ஆயினும் அங்கு வந்துசேர்ந்த அரிசியும் துணியும் ஆட்களும் பெரும்பாலும் இந்தியக் கரையிலிருந்து வந்தமையால், இந்திய ரூபாயும் உடன் வந்தது. சட்டம் பின்னால் வந்து வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. 1872 ஜனவரி முதல் நாளிலிருந்து ரூபாயே இலங்கையின் கணக்குப் பணம் ஆயிற்று.

அதில் ஒரு வேறுபாடு மட்டும் வைக்கப்பட்டது. இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா. இலங்கையில் ரூபாய்க்கு நூறு சதம். முழு ரூபாய் ஒன்றாகவும் சில்லறை வேறாகவும் இருந்த இந்நிலை எண்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

ரூபாய் வெள்ளியாக இருந்தமையால் வெள்ளியின் விதியே அதன் விதியும் ஆயிற்று. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஷில்லிங், அதாவது ஒரு பவுனுக்குப் பத்து ரூபாய். ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்துக்கு மாறி வெள்ளி விலை சரிந்தபின், 1893-94 அளவில் ஒரு ரூபாய் பதினான்கரைப் பென்சுக்கு இறங்கியது. பவுன் ஒன்றுக்குப் பதினாறு ரூபாய்க்கும் மேல். இலங்கையில் காப்பி நோயுற்று அழிந்து தேயிலை எழுந்த காலமும் இதுவே. தேயிலை லண்டனில் தங்கப் பவுனுக்கு விற்றது. கொழுந்து பறித்தவருக்குக் கூலி வெள்ளி ரூபாயில் அளக்கப்பட்டது. ரூபாய் இறங்க இறங்க, ஒரு பவுன் வருவாயிலிருந்து தோட்ட உரிமையாளருக்குக் கிடைத்த ரூபாய்கள் பெருகின. கூலியின் சத எண்ணிக்கை அவ்வேகத்தில் உயரவில்லை. இடையில் விழுந்த வேறுபாடு எவருடைய கணக்கில் சேர்ந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

1893 ஜூனில் இந்திய அரசு தன் அக்கசாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியது. சில ஆண்டுகளில் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்சில் நிறுத்தப்பட்டது. முதல் உலகப் போரின் பின் 1920இல் இரண்டு ஷில்லிங்குக்கு உயர்த்த முயன்று தோற்றார்கள். 1926இல் ஹில்டன் யங் ஆணையம் ஒரு ஷில்லிங் ஆறு பென்சைப் பரிந்துரைத்தது. புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் நான்கு பென்சே தகும் என்று தனித்துக் கருத்து எழுதினார். 1927இல் ஆறு பென்சே சட்டம் ஆயிற்று. இந்த வாதம் நடந்தது இந்தியாவிலும் லண்டனிலும். ஆனால் முடிவு கொழும்புக்கும் பொருந்தியது. இலங்கையின் ரூபாய் இந்திய ரூபாயின் நிழலாக இருந்தது. உரு அசைந்தபோதெல்லாம் நிழலும் அசைந்தது.

தாள் பணத்திலும் இவ்வாறே. 1884இல் ஓரியண்டல் வங்கிக் கழகம் முறிந்து, அதன் தாள்களை வைத்திருந்தோர் கலங்கியபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் பொறுப்பை அளித்தார். அவ்வாண்டே இலங்கை அரசு தானே தாள் பணம் வெளியிடச் சட்டம் இயற்றியது. அத்தாள்களின் மதிப்பு இந்திய ரூபாயோடு பிணைந்தே இருந்தது.

சதமும் அணாவும்

திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே சென்றவர்கள் கடன் சுமந்தே கடல் கடந்தார்கள். வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடனைக் குறித்த 'துண்டு' உடன் சென்றது. 1921இல் சட்டம் அத்துண்டை ஒழித்தது. ஆனால் கடனைச் சொந்த ஊரில் எண்ணினாலும் தோட்டத்தில் எண்ணினாலும் அது ஒரே ரூபாய். கடல் கடந்ததனால் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் வகுக்கப்பட்டன. ஊரில் அக்கூலியை அணாவில் சொல்ல வேண்டும். ஓர் அணாவுக்கு ஆறேகால் சதம். ஆக ஆணின் நாட்கூலி எட்டரை அணாவுக்குச் சற்று மேல், பெண்ணின் நாட்கூலி ஏழு அணாவுக்குச் சற்றுக் குறைவு. எழுத்தறியாதவரும் இக்கணக்கை அறிவார். ஆனால் இது சில்லறைக் கணக்கேயன்றி மாற்றுக் கணக்கு அன்று. பத்து ரூபாய் மணியார்டர் அனுப்பினால், அனுப்புகூலி போக, ஊரில் கைக்கு வருவதும் பத்து ரூபாயே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் ஓடிய கப்பல் ஆளை மாற்றியது, பணத்தை மாற்றவில்லை.

இதன் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாணயம் மாறாத இடத்தை நாடு மாறிய இடமாக மக்கள் கருதுவதில்லை. இரு கரைகளையும் ஒரே வாழ்வின் இரு பகுதிகளாக அவர்கள் எண்ணியதற்கு மொழியும் கோயிலும் உறவும் மட்டும் காரணம் அல்ல. கையில் இருந்த காசும் ஒரு காரணம்.

இரு அரசுகள், ஒரே மதிப்பு

1939 ஆகஸ்டில் இந்தியா, தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியர் அல்லாதவர் ஆயினர். ஆள் நாடற்றவர் ஆன பிறகும் பணம் அவ்வாறு ஆகவில்லை. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பை 30.5 விழுக்காடு குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் உடன் குறைத்தன. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. அதன் விளைவாக நூறு பாகிஸ்தான் ரூபாய் 144 இந்திய ரூபாய் ஆயிற்று. இரு நாட்டு வணிகமே நெடுநாள் தடைப்பட்டது. பெயர் ஒன்றாயினும் மதிப்புப் பிரியக்கூடும் என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கை.

1950 ஆகஸ்ட் 28ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. அமெரிக்கரான ஜான் எக்ஸ்டர் முதல் ஆளுநர். இனி இலங்கை ரூபாய் நிழல் அன்று. தனக்கென்று தங்க மதிப்புக் கொண்ட தனி நாணயம். ஆனால் அந்தத் தங்க மதிப்பு 0.186621 கிராம். இந்திய ரூபாயின் தங்க மதிப்பும் அதுவே. இரண்டும் டாலருக்கு 4.76. இந்தியா 1957 ஏப்ரலில் அணாவைக் கைவிட்டு ரூபாயை நூறு காசுகளாக்கியபோது, இறுதியாக நின்ற சில்லறை வேறுபாடும் மறைந்தது. ஒரு சதம் ஒரு காசுக்குச் சமம். வரலாற்றில் இரு நாணயங்களும் அடி முதல் முடி வரை முற்றாக ஒத்திருந்த காலம் 1957 ஏப்ரல் முதல் 1966 ஜூன் வரையிலான ஒன்பது ஆண்டுகளே.

விந்தை யாதெனில், கணக்கில் தடை நீங்கிய அதே காலத்தில் அரசின் தடைகள் இறுகின. 1953ஆம் ஆண்டின் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் இலங்கையிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவது உரிமையாக இல்லாமல் அனுமதியாக மாறிற்று. விலை ஒன்றாக இருந்தும் வாயில் ஒடுங்கியது.

ஏழுக்கு நான்கு

1964 அக்டோபர் 30ஆம் நாள் புது தில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என மதிப்பிடப்பட்டனர். அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே விகிதத்தில் நிகழ வேண்டும் என்றும் எழுதப்பட்டது. அதாவது ஏழு பேர் புறப்பட்டால் நான்கு பேர் இங்கே குடிமக்கள் ஆவர். மக்களுக்கு வகுக்கப்பட்ட மாற்று வீதம் என்று இதனைச் சொன்னால் அது மிகையாகாது. உரிய மக்களைக் கேளாது செய்த உடன்பாடு என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் குறைகூறினார்.

அதே ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு கூறு உண்டு. இந்தியா செல்வோர் தம் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளை நாணயமாற்று விதிகளுக்கு உட்பட்டுக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க தொகையின் உச்சவரம்பு நாலாயிரம் ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது. எந்நாட்டு ரூபாய் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அன்று எவருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. இரண்டும் ஒன்றே.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. அரை நூற்றாண்டாக மக்கள் போய்வந்த துறை இல்லாமற்போயிற்று. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. நாணயத்தின் சமம் அதற்கு மேல் பதினெட்டு மாதங்களே நிலைத்தது.

நாலாயிரத்தின் பயணம்

1965இன் போரும் வறட்சியும், நின்றுபோன வெளிநாட்டு உதவியும், உலக வங்கியின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1966 ஜூன் 6 முதல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பை 36.5 விழுக்காடு குறைத்தது. டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆயிற்று. நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி அறிவித்த இம்முடிவைக் காங்கிரஸ் தலைவர் காமராஜர் விரும்பவில்லை. இலங்கை இம்முறை உடன் இறங்கவில்லை. நூறு இலங்கை ரூபாய் 157 ரூபாய் 50 காசு இந்திய ரூபாய் ஆயிற்று. 1872 முதல் நிலைத்த சமம், தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஒரே நாளில் முடிந்தது.

ஒப்பந்தத்தின் நாலாயிரம் ரூபாயை இப்போது எடுத்துப் பார்த்தால் அது இந்தியக் கரையில் 6,300 ரூபாய். காகிதத்தில் இது தாயகம் திரும்புவோருக்கு நற்பேறு. ஆனால் அந்நற்பேற்றைத் துய்க்கக் கப்பலில் ஆளில்லை. ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் 1967இல்தான் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 1968இல். அதற்கு முன்பே, 1967 நவம்பரில் பவுன் மறுபடியும் இறங்கியபோது, இலங்கை தன் ரூபாயை 20 விழுக்காடு குறைத்துவிட்டது. இம்முறை இந்தியா அசையவில்லை. 6,300 என்பது 5,040 ஆகச் சுருங்கியது.

1968 மே மாதத்தில் இலங்கை இரட்டை வீதத்தைக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை என்பது அதன் பெயர். சில இறக்குமதிகளுக்கும் புதுவகை ஏற்றுமதிகளுக்கும் உயர்ந்த வீதம். தேயிலை, ரப்பர், தென்னை விளைபொருள்களுக்குப் பழைய தாழ்ந்த வீதம். நாட்டின் செலாவணியில் பெரும்பகுதியை ஈட்டித்தந்த கொழுந்துக்கே குறைந்த மாற்று மதிப்பு. வெள்ளி ரூபாயின் காலத்தில் வீதத்தின் சரிவு தோட்ட உரிமையாளருக்கு ஆதாயமாயிற்று. இப்போது வீதத்தின் இரட்டைத்தன்மை அரசுக்கு ஆதாயமாயிற்று. இரு காலத்திலும் கொழுந்து பறித்த கை வீதம் வகுத்த மேசைக்கு அருகில் இருக்கவில்லை.

1970களில்தான் பெருந்தொகையினர் பெயர்ந்தனர். அப்பத்தாண்டில் இரு ரூபாய்களும் பவுனோடும் டாலரோடும் வெவ்வேறு வகையில் பிணைக்கப்பட்டு ஏறியும் இறங்கியும் வந்தன. 1976இல் ஒரு டாலருக்கு இந்திய ரூபாய் ஏறத்தாழ ஒன்பது, இலங்கை ரூபாய் ஏறத்தாழ எட்டரை. பழைய சமத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்ததுபோல் இரண்டும் நெருங்கி நின்றன. 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு இரட்டை வீதத்தை ஒழித்து, டாலருக்குப் பதினாறு ரூபாய் என்ற புதிய நிலையிலிருந்து நாணயத்தை மிதக்கவிட்டது. அந்நாளில் இந்திய ரூபாய் டாலருக்கு எட்டரை அளவில் இருந்தது. நாலாயிரம் இலங்கை ரூபாய்க்கு இப்போது இந்திய ரூபாய் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம்.

நான்காயிரம், ஆறாயிரத்து முந்நூறு, ஐயாயிரத்து நாற்பது, இரண்டாயிரத்து நூறு. இவையனைத்தும் ஒரே கூறில் எழுதப்பட்ட ஒரே தொகை. அதிகாரபூர்வ வீதத்தில் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அது எடுத்த வடிவங்கள். இக்காலத்தில் இந்தியாவில் விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரே மலையில் ஒரே ஆண்டுகள் உழைத்து, ஒரே சேமலாப நிதி சேர்த்த இரு குடும்பங்களுள் ஒன்று 1977 அக்டோபரிலும் மற்றொன்று டிசம்பரிலும் கப்பலேறியிருந்தால், அவர்கள் உழைப்பின் மதிப்பைப் பிரித்தது கடவுச்சீட்டில் விழுந்த தேதியே. அத்தேதியைத் தெரிவுசெய்வதோ பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை.

பிள்ளைகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்து சேர்ந்தனர். மண்டபம் முகாமில் இறங்கி, பலர் நீலகிரிக்குச் சென்று, தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோர்க்கென 1969இல் கூட்டுறவு வங்கி ஒன்று, இன்றைய ரெப்கோ வங்கி, அமைந்தது. 1984இல் கப்பற் போக்குவரத்தும் நின்றது.

எஞ்சிய எண்கள்

அதன் பின்னரும் இரு ரூபாய்களின் இடைவெளி ஓயவில்லை. 1990இல் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் 2.30 அளவில் இருந்தது. 1991 ஜூலையில் இந்தியா தன் ரூபாயை மீண்டும் இறக்கியபின், 1992இல் அது 1.70 ஆயிற்று. 2022இன் தொடக்கத்தில் இரண்டே முக்கால் அளவில் நின்ற வீதம், இலங்கையின் கடன் நெருக்கடியில் சில வாரங்களுக்குள் நாலரையைத் தாண்டியது. அப்போதும் தேயிலை டாலருக்கே விற்றது. கூலி ரூபாயிலேயே கொடுக்கப்பட்டது. 1890களில் தோன்றிய கணக்கு மற்றுமொரு முறை போடப்பட்டது.

மக்களுக்கு வகுத்த வீதமோ வேறு வகையில் முடிவுற்றது. மீதியாக வைத்த 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். எழுபத்தையாயிரத்துக்கு எழுபத்தையாயிரம். நாணயத்தில் இழந்த சமத்தை இரு அரசுகளும் மனிதரில் கண்டுகொண்டன. ஏழுக்கு நான்கு என்ற விகிதம் ஒருபோதும் முழுமையாக நிறைவேறவில்லை. குறித்த எண்ணிக்கையினர் போகவும் இல்லை. போக மறுத்தோரும், போக இயலாதோரும், அங்கேயே பிறந்தோரும் மலைகளிலேயே வாழ்ந்தனர். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் எஞ்சிய இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியபோது, அவ்விகிதம் சட்டத்தின் பக்கங்களிலிருந்து நீங்கியது.

வரலாற்றாசிரியர் வீதங்களை நிரல்படுத்துவர். அந்நிரலில் 1966க்கு முன் உள்ள கட்டங்களில் 'ஒன்று' என்னும் எண் மட்டும் மீண்டும் மீண்டும் வரும். ஆய்வோர் கண் அதில் நிற்பதில்லை. மாறாத எண்ணில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 'ஒன்று' என்னும் எண்ணை நம்பியே ஒரு மக்கள் தொகுதி நூறாண்டுக் காலம் ஒரு கரையில் உழைத்து மறுகரையில் கடன் அடைத்தது, நிலம் வாங்கியது, திருமணம் முடித்தது, ஈமக்கடன் செய்தது. அது மாறிய நாளில் அவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. நாலாயிரம் என்ற எண் அப்படியே இருந்தது. ரூபாய் என்ற சொல்லும் அப்படியே இருந்தது. இராமேசுவரத்தில் இறங்கி எண்ணிப் பார்த்த பின்னரே, சொல் ஒன்றாக இருக்கப் பொருள் வேறாகிவிட்டது என்பதை அவர்கள் அறிந்தார்கள்.